பட்டியலில் என் பெயர் போதும், கட்சியின் பெயர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு தம்பி எழுதிய கடிதத்தைப் படித்தேன். அமெரிக்காவின் பல மாநிலங்களில் வாக்காளர் பட்டியலிலேயே யார் எந்தக் கட்சி என்று பதிவாகிறது, எந்தக் கட்சிக்கு ஆள் கூடுகிறது, எதில் குறைகிறது என்று தேர்தலுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது, இங்கும் அப்படிக் கொண்டுவந்தால் கட்சிகளின் உண்மையான பலம் வெளியே வரும் என்று எழுதியிருந்தார். அதில் பாதி எனக்குச் சரியாகப் படுகிறது. மற்ற பாதி நம் ஊருக்கு ஆபத்து. அங்கே நடந்ததையும் பார்த்தவள், இங்கே நடப்பதையும் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். கடிதம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பள்ளத்தூரில் இருக்கிறேன். கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். 2024 பிப்ரவரியில் மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போய், ஜூலை கடைசி வரை அங்கே இருந்தேன். பென்சில்வேனியா மாநிலம், பிலடெல்பியாவுக்கு வடக்கே பக்ஸ் கவுண்டி. நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளும் மாப்பிள்ளையும் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள். அங்கே வாக்காளராகப் பதிவு செய்யும் படிவத்திலேயே கட்சிக்கு என்று ஒரு பகுதி இருக்கிறது. ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி, பசுமைக் கட்சி, லிபர்டேரியன் கட்சி என்று கட்டங்கள். எதுவும் இல்லை என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு. மகள் முதலில் பதிந்தபோது எதுவும் இல்லை என்றுதான் குறித்திருந்தாள்.

மார்ச் கடைசியில் ஒரு ராத்திரி, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் கணினியோடு உட்கார்ந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "கட்சி மாறுறேன் ஆத்தா" என்றாள். எனக்குப் பகீர் என்றது. நம் ஊரில் கட்சி மாறுவது என்றால் துண்டு போட்டு, மேடை ஏறி, படம் பிடித்துச் செய்கிற காரியம். அவள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் பால் காய்ச்சப் போய்விட்டாள். எந்தக் கட்சியைக் குறித்தாள் என்பதை நான் இங்கே எழுதவில்லை. அது அவள் விஷயம்.

அப்புறம்தான் மாப்பிள்ளை விளக்கிச் சொன்னார். அங்கே நவம்பரில் நடக்கும் பெரிய தேர்தலுக்கு முன்னால் பிரைமரி என்று ஒரு தேர்தல் உண்டு. கட்சியின் வேட்பாளர் யார் என்பதை மக்களே வாக்களித்து முடிவு செய்வது அது. அரசாங்கமே அதையும் நடத்துகிறது. அந்த மாநிலத்தில் அது மூடிய பிரைமரி. ஒரு கட்சியில் பதிந்தவர்கள் மட்டும்தான் அந்தக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கலாம். 2024இல் ஏப்ரல் 23ஆம் தேதி வாக்குப்பதிவு. கட்சியை மாற்றுவதற்குப் பதினைந்து நாள் முன்பு வரைதான் நேரம், அதாவது ஏப்ரல் 8. ஜனாதிபதிக்கான போட்டி மார்ச்சிலேயே ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆனால் மாநில அட்டர்னி ஜெனரல், அதாவது மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி பதவிக்கு ஜனநாயகக் கட்சியில் ஐந்து பேர், குடியரசுக் கட்சியில் இரண்டு பேர் நின்றார்கள். எந்தக் கட்சியும் இல்லை என்று குறித்திருந்தால் அந்த ஏழு பேரில் ஒருவருக்கும் மகள் வாக்களித்திருக்க முடியாது. அதற்காகத்தான் அன்று ராத்திரி அந்த மாற்றம்.

இந்தக் கெடு விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. நியூயார்க்கில் 2016 ஏப்ரலில் பிரைமரி. அதில் வாக்களிக்க வேண்டும் என்றால் ஏற்கெனவே பதிந்திருப்பவர்கள் முந்தின வருடம் அக்டோபரிலேயே கட்சியை மாற்றியிருக்க வேண்டும். டிரம்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் அந்தத் தேதியைத் தவறவிட்டு, சொந்த அப்பாவுக்கு அந்தத் தேர்தலில் வாக்களிக்க முடியாமல் போனார்கள். எவ்வளவு பெரிய வீட்டுப் பிள்ளைகளாக இருந்தாலும் தேதி தேதிதான் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது தம்பியின் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். கட்சிப் பதிவு கூடிக் குறைவதைப் பார்த்தால் கட்சியின் பலம் தெரிந்துவிடும் என்கிறார். பென்சில்வேனியா அரசு, கவுண்டி வாரியாக எந்தக் கட்சியில் எத்தனை பேர் என்ற கணக்கை வாராவாரம் வெளியிடுகிறது. நான் அங்கே இருக்கும்போதே, ஜூலையில், பக்ஸ் கவுண்டியில் குடியரசுக் கட்சியின் பதிவு ஜனநாயகக் கட்சியின் பதிவைத் தாண்டியது. பத்து வருடத்துக்கு மேல் நடக்காதது நடந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் அதே பேச்சு. நான் கணக்கு ஆசிரியை. கூட்டுத்தொகையை மட்டும் சொன்னால் எனக்குப் போதாது, அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு கட்சியில் நூறு பேர் குறைந்தால், நூறு பேர் மனம் மாறினார்கள் என்று அர்த்தம் இல்லை. சிலர் இறந்திருப்பார்கள், சிலர் வீடு மாறியிருப்பார்கள், சிலர் பல வருடம் வாக்களிக்காமல் பட்டியலிலிருந்து நீங்கியிருப்பார்கள். 2023 செப்டம்பரிலிருந்து அந்த மாநிலத்தில் ஓட்டுநர் உரிமம் வாங்கப் போனால், வேண்டாம் என்று சொல்லாதவரை, வாக்காளர் பதிவும் சேர்ந்தே நடக்கிறது. அப்படிப் புதிதாக வருகிறவர்களும் அந்தக் கணக்கில்தான் சேருகிறார்கள்.

மகள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பாட்டி இருந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். தினமும் நடக்கப் போகும்போது என் பேரனைப் பார்த்துவிட்டுப் போவார். அவருடைய அப்பா உருக்கு ஆலையில் வேலை பார்த்தவர், தொழிற்சங்கக்காரர். அதனால் கல்யாணமான காலத்திலிருந்து அவர் ஜனநாயகக் கட்சியில் பதிந்திருந்தார். ஆனால் கடைசி நாலைந்து தேர்தல்களில் குடியரசுக் கட்சிக்குத்தான் வாக்களித்தாராம். காகிதத்தை மட்டும் மாற்றவே இல்லை. அந்த வசந்தத்தில்தான் மாற்றினார். கணக்கைப் பார்த்தவர்களுக்கு 2024இல் ஒருவர் கட்சி மாறியதாகத் தெரியும். மனம் மாறி இருபது வருடம் ஆயிற்று என்பது அந்தக் கணக்கில் எங்கே வரும்?

இன்னொரு பக்கமும் உண்டு. 2008இல் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று ஒபாமாவும் ஹிலாரி கிளின்டனும் மோதியபோது, பென்சில்வேனியா பிரைமரிக்கு முன்னால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஜனநாயகக் கட்சிக்குத் தங்கள் பதிவை மாற்றினார்கள். அந்த மாநிலத்தில் அந்தக் கட்சியின் பதிவு முதல்முறையாக 40 லட்சத்தைத் தாண்டியது. அந்தப் போட்டியில் தங்கள் வாக்கும் இருக்க வேண்டும் என்று வந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். எதிர்த்தரப்பில் பலவீனமான ஆளை ஜெயிக்க வைத்தால் நவம்பரில் நமக்கு நல்லது என்று கணக்குப் போட்டு வருகிறவர்களும் உண்டு என்று மாப்பிள்ளை சொன்னார். அதையெல்லாம் எண்ணிக்கையைப் பார்த்துப் பிரிக்க முடியாது.

சரி, பக்ஸ் கவுண்டியில் கடைசியில் என்ன ஆயிற்று? 2024 நவம்பரில் டிரம்ப் அங்கே ஜெயித்தார். 1988க்குப் பிறகு குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் அந்தக் கவுண்டியில் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. கிட்டத்தட்ட நாலு லட்சம் வாக்குகள் விழுந்த இடத்தில் வித்தியாசம் சில நூறு. பதிவுக் கணக்கு சொன்னது பலித்துவிட்டது என்று தோன்றும். அடுத்த வருடமே, 2025 நவம்பரில், அதே கவுண்டியில் மாவட்ட அரசு வழக்கறிஞர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஜோ கான் ஜெயித்தார். 2024 ஏப்ரலில் அட்டர்னி ஜெனரல் பிரைமரியில் நின்ற ஐந்து பேரில் தோற்றுப்போன ஒருவர் அவர். ஆக, பதிவைப் பார்த்துப் பலத்தைச் சொல்லலாம் என்ற நம்பிக்கை அங்கேயே முழுதாகப் பலிக்கவில்லை.

எனக்கு அங்கே பிடித்தது பதிவுக் கணக்கு இல்லை. சாதாரண மனுஷி ஒருத்தி, கைப்பிள்ளைக்காரி, ஐந்து நிமிடம் செலவழித்து, ஒரு கட்சி யாரை நிறுத்த வேண்டும் என்பதில் பங்கு கேட்டு வாங்கிக்கொண்டாளே, அதுதான். அந்த ஏப்ரல் பிரைமரியில் இன்னொன்றும் நடந்தது. நம் நாட்டு வம்சாவளியில் வந்த நிக்கி ஹேலி, குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளருக்கான போட்டியிலிருந்து மார்ச்சிலேயே விலகிவிட்டார். ஆனால் வாக்குச்சீட்டில் அவர் பெயர் இருந்தது. குடியரசுக் கட்சியில் பதிந்தவர்கள் மட்டுமே வாக்களிக்கக்கூடிய அந்தத் தேர்தலில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அவருக்கு வாக்களித்தார்கள். எங்கள் கட்சிதான், ஆனால் இந்த வேட்பாளரில் எங்களுக்குத் திருப்தி இல்லை என்று தொண்டர்கள் சொல்ல அங்கே ஒரு வழி இருக்கிறது.

இங்கே அந்த வழி இல்லை. தேர்தல் வருகிறது என்றால் கட்சி அலுவலகத்தில் விருப்ப மனு வாங்குவார்கள், அதற்கு ஒரு கட்டணம். நேர்காணல் நடக்கும். அப்புறம் ஒரு நாள் சென்னையிலிருந்து பட்டியல் வரும். எங்கள் தெருவில் நாற்பது வருடமாகக் கொடி கட்டுகிறவர், போஸ்டர் ஒட்டுகிறவர், தன் வேட்பாளர் யார் என்பதை என்னைப் போலவே தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். அவரிடம் உறுப்பினர் அட்டை இருக்கிறது. அந்த அட்டையால் அவருக்கு என்ன உரிமை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மாநாட்டுக்கு வண்டி வரும் ஆச்சி" என்றார். பாவம், அவர் அதை வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

எங்கள் நகரத்தார் சமூகத்தில் கோயில் புள்ளி என்று ஒன்று உண்டு. ஒன்பது கோயில்களில் அவரவருக்கு உரிய கோயிலில், திருமணம் ஆனதும் கணவனும் மனைவியும் ஒரு புள்ளியாகச் சேர்வார்கள். புள்ளிக்கு இவ்வளவு என்று வரி கொடுப்பார்கள். வரி கொடுக்கிறவர்களுக்குக் கோயில் காரியத்தில் பேச இடம் உண்டு. கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்பார்கள், சண்டையும் போடுவார்கள். கணக்கில் சேர்த்துவிட்டு, காசு வாங்கிக்கொண்டு, வாயை மூடச் சொன்னால் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கட்சிகளின் உறுப்பினர் புத்தகத்தில் மட்டும் ஏன் ஒத்துக்கொள்கிறோம்? தம்பி சொன்னதில் இந்தப் பாதியை நான் முழுதாக ஏற்கிறேன். உறுப்பினர் சேர்க்கிற கட்சி, வேட்பாளரை முடிவு செய்யும்போது அந்தத் தொகுதியின் உறுப்பினர்களிடம் வாக்கு எடுக்க வேண்டும்.

ஆனால் அரசாங்கத்தின் வாக்காளர் பட்டியலில் கட்சியின் பெயர் வரவே கூடாது. நான் வேலையில் இருந்த காலத்தில் பல தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி பார்த்திருக்கிறேன். முதல் அலுவலராக உட்கார்ந்தால், வருகிறவரின் வரிசை எண்ணையும் பெயரையும் சத்தமாக வாசிக்க வேண்டும். எதிரே பூத் ஏஜெண்டுகள் தங்கள் பிரதியில் அந்தப் பெயரை அடிப்பார்கள். அந்தப் பிரதிகளை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் முன்பே ஒரு குறி இருக்கும். நம்ம ஆள் என்றால் ஒரு குறி, அவங்க ஆள் என்றால் ஒரு குறி, சந்தேகம் என்றால் ஒரு வட்டம். அமெரிக்காவில் வாக்காளர் தன் கையால் குறிக்கிற கட்டத்தை இங்கே அவரைக் கேட்காமலே கட்சிக்காரர்கள் பென்சிலால் நிரப்பி வைத்திருக்கிறார்கள்.

2025 டிசம்பர் 19ஆம் தேதி, வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகான வரைவுப் பட்டியல் வந்தது. மாநிலம் முழுவதும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீங்கியிருந்தன. அவற்றில் பெரும்பகுதி இடம்பெயர்ந்தவர்கள் என்ற கணக்கில். செட்டிநாட்டில் அது தெருத்தெருவாகத் தெரிகிறது. வீடுகள் பூட்டிக்கிடக்கின்றன, ஆட்கள் சென்னையிலும் கோவையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். வீடு இருக்கிறது என்பது மட்டுமே ஓரிடத்தில் வசிப்பதாக ஆகாது என்று 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவே சொல்கிறது. என் மகனுக்குச் சென்னையிலும் இங்கும் இரண்டு இடத்தில் பெயர் இருந்தது. சென்னையில் மட்டும் படிவம் கொடு, இங்கே வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அது சரிதான்.

வரைவுப் பட்டியல் வந்த வாரம் பள்ளிக்கூடத்தில் என் பெயர் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். அங்கே ஒரு கட்சியின் ஏஜெண்ட், என்னிடம் படித்த பையன், கையில் பட்டியலோடு இன்னொருவரிடம் பேசிக்கொண்டிருந்தான். நீங்கின பெயர்களில் நமக்கு இத்தனை போச்சு, அவங்களுக்கு இத்தனை போச்சு என்று கணக்கு. செத்தவர்களையும் ஊர் மாறியவர்களையும் கட்சி வாரியாகப் பிரித்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் பட்டியலை வாங்கி என் பெயரைத் தேடினேன். பக்கத்தில் பென்சிலில் ஓர் எழுத்து இருந்தது. இது என்ன என்று கேட்டேன். "நம்ம வீடுதானே டீச்சர், ஐயா காலத்திலேருந்தே" என்றான்.

ஐயா என்றது என் கணவரை. அவர் நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கட்சிக்காரர், ஊருக்கே தெரியும். 2017இல் இறந்துவிட்டார். நான் யாருக்கு வாக்களித்தேன் என்று அவரிடம்கூடச் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. அவர் போன பிறகு கோயில் கணக்கில் நான் அரைப்புள்ளி. அது எங்கள் வழக்கம், அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் வாக்காளர் பட்டியலில் நான் ஒரு முழு ஆள். என் வரிசை எண்ணுக்கு நேரே என் வீட்டையும் என் கணவரையும் வைத்து ஒருவர் எழுத்துப் போட்டால் எனக்கு வலிக்கிறது. அழிக்கச் சொன்னேன். சங்கடப்பட்டுக்கொண்டே அழித்தான். நல்ல பையன்தான். அவனுக்கு அது தப்பென்றே தோன்றவில்லை.

இன்று அது பென்சில் குறி, பாதி ஊகம். தம்பி கேட்கிறபடி அரசாங்கமே அதை அச்சடித்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பென்சில்வேனியாவில் கட்சி விவரத்தோடு முழு வாக்காளர் பட்டியலையும் இருபது டாலர் கட்டி வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பாட்டிக்கு அதனால் குடிநீர்க் குழாய் நிற்காது. இங்கே நூறு நாள் வேலைக்குப் போகிற பெண், வீட்டுமனைப் பட்டாவுக்கு அலைகிற குடும்பம், முதியோர் உதவித்தொகை வராமல் காத்திருக்கிற கிழவி, இவர்களின் பெயருக்கு நேரே கட்சியும் அச்சாகியிருந்தால் அடுத்த ஆட்சி வரும்போது யாரிடம் போய் நிற்பார்கள்? இப்போதே பூத் வாரியாக வாக்கு எண்ணிக்கை வெளியாவதால் எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று ஓரளவு தெரிந்துவிடுகிறது. பல பூத்துகளின் வாக்குகளைக் கலந்து எண்ணுவதற்கு ஒரு கருவி வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2008இலேயே யோசனை சொன்னது. இன்னும் வரவில்லை. நமக்கு வேண்டியது அந்த மாதிரிக் கூடுதல் மறைப்பு.

ஒரு வாக்கின் மதிப்பை நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2009இல் எங்கள் சிவகங்கை மக்களவைத் தொகுதியில் வித்தியாசம் 3,354. 2016இல் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் 49. இப்படி நெருங்கி வரும்போது, சந்தேகக்காரர்கள் என்று வட்டம் போட்ட பெயர்களைத் தேடி ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள். சிலர் கெஞ்சுவார்கள், சிலர் கவர் கொடுப்பார்கள், சிலர் மிரட்டுவார்கள். பட்டியலில் கட்சி வெற்றாக இருப்பதுதான் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கொஞ்சமாவது பாதுகாப்பு.

ஆகையால் தம்பிக்கு என் வேண்டுகோள்: கட்சியின் பெயரைக் கட்சியின் உறுப்பினர் புத்தகத்தில் கேளுங்கள், அரசாங்கப் பட்டியலில் கேட்காதீர்கள். அந்தப் புத்தகத்திலும் அவரவர் சம்மதத்தோடு சேர்க்கட்டும். சென்ற வருடம் ஒரு கட்சிக்காரர்கள் என் வாசலில் நின்று கைபேசிக்கு வந்த ஓடிபி எண்ணைக் கேட்டார்கள். எதற்கு என்றால், சும்மா ஒரு சர்வே என்றார்கள். கொடுத்திருந்தால் நானும் உறுப்பினர் ஆகியிருப்பேன் என்று பிற்பாடு பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அந்த வீட்டுப் பெண் கொடுத்துவிட்டார், அவருக்கு உறுப்பினர் எண்ணும் வந்துவிட்டது. இப்படிச் சேர்ந்த கணக்கை வைத்து எங்களுக்கு இத்தனை லட்சம் பேர் என்று மேடையில் சொன்னால், அதை நான் எப்படி நம்புவது?

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன், ஆசிரியர் அவர்களே. அடுத்த தேர்தலுக்கும் வேட்பாளர் பட்டியல்கள் வரும். அதற்கு முன்னால் உங்கள் காரைக்குடி நிருபர் ஒவ்வொரு கட்சியின் உள்ளூர் அலுவலகத்துக்கும் போய் இரண்டு கேள்வி மட்டும் கேட்கட்டும். இந்தத் தொகுதியில் உங்கள் உறுப்பினர்கள் எத்தனை பேர்? வேட்பாளர் யார் என்று அவர்களில் எத்தனை பேரிடம் கேட்டீர்கள்? வருகிற பதிலை அப்படியே, ஒரு வார்த்தை மாற்றாமல் போடுங்கள். பதில் சொல்லாத கட்சி இருந்தால் அந்த இடத்தை வெற்றாக விட்டு அச்சடியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.